முள் வைத்த இடம்

ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டியதில்லை. யாராவது குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனால் அவர்கள் வீட்டுச் சாமான்கள் அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் ஆளுக்கொன்றாக வந்து உட்கார்ந்துவிடும். அறுபதைத் தாண்டிய நம்மில் பலர் வீட்டிலும் யாரோ விட்டுப்போன நாற்காலி ஒன்றோ பீங்கான் ஜாடி ஒன்றோ இருந்திருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு ரெக்கார்டு பிளேயர்.

அப்பா விழுப்புரம் லோகோ ஷெட்டில், அடுப்புக்குக் கரி தள்ளும் ஃபயர்மேன். கரி எஞ்சின் ஓடிய காலம். அவரோடு வண்டியில் போய்வந்த ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். கட்டிலை ஒருவருக்கும் கோழிக்கூண்டை இன்னொருவருக்கும் கொடுத்துவிட்டு, பிளேயரையும் ஒரு பிளைவுட் பெட்டி நிறையப் பாட்டுத் தகடுகளையும் அப்பாவிடம் தந்தார். "உன் பொண்ணு எப்பவும் எங்க வூட்டு ஜன்னல்கிட்டயே நிக்குது. பாட்டுன்னா அதுக்கு உசுரு போல" என்றாராம். நான் அங்கே நின்றது அவர் வீட்டு அம்மா சுடும் கேக்கின் வாசனைக்காக. இந்தத் திருத்தத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அம்மாவுக்குத்தான் எரிச்சல். "இத்த வெச்சிக்கினு இன்னா பண்றது? அரிசி டிரம்ம எங்க வெக்கிறது?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் டிரம் சமையலறைக்குள் போனது. பெட்டியைத் திறந்தால் அந்துருண்டையும் பழைய சிகரெட்டும் கலந்த வாசனை வரும். தகடு ஒவ்வொன்றும் காகித உறைக்குள். சில உறைகளின் மேல் கார்டு வீட்டுப் பிள்ளைகள் பென்சிலால் கணக்குப் போட்டிருந்தார்கள்.

எனக்குப் பத்து வயது. அந்த ஒரு மழைக்காலத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தாள். இருபத்தாறு வயது. அங்கேயே ஒரு கிறிஸ்தவ சபையில் ஞாயிறு ஆராதனைக்கு ஆர்மோனியம் வாசிப்பதும் பாடகர் குழுவை நடத்துவதும் அவள்தான். எங்கள் தாத்தா ஒலக்கூர்ப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். அவர் தெருவிலிருந்து ஒரு பெண் போய் அந்த ஆர்மோனியத்தின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சம்பளம் கிடையாது. ஆனால் அத்தையிடம் தனக்கென்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்த ஸ்டூல் ஒன்றுதான். அப்போது எனக்கு அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் முடியாது.

பிளேயர் வந்த பிறகு அத்தை சனிக்கிழமை தவறாமல் மத்தியான பாசஞ்சரில் விழுப்புரம் வந்துவிடுவாள். ஞாயிறு விடிவதற்குள் திரும்பும் வண்டியைப் பிடித்து ஆராதனைக்குப் போய்விடுவாள். பையில் வேகவைத்த வேர்க்கடலை இருக்கும், ஈரத்தோடு. எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை. நாங்கள் இருவரும் பிளேயரின் இரு பக்கமும் உட்கார்ந்து உரித்துத் தின்போம். மல்லாட்டை உரித்த கையால் தகட்டைத் தொட்டால் மட்டும் அத்தை முறைப்பாள்.

தகடுகளின் மேல் இருந்த ஆங்கிலப் பெயர்களை அத்தையால் எழுத்துக் கூட்டி வாசிக்க முடியும். ஆனால் அவை எங்கள் வாயில் நிற்கவில்லை. நாங்களே பெயர் வைத்தோம். பியானோவின் கீழ்க்கட்டைகளை மாறாமல் இடித்துக்கொண்டே போகும் ஒருவருக்கு 'தண்டவாளம்' என்று பெயர். ஒரே எழுத்தை ஏழு சுரங்களுக்கு இழுக்கும் பெண்ணுக்கு 'அழுமூஞ்சி'. கரகரத்த குரல்காரர் 'தொண்டை கட்டினவர்'. இன்னொருவர் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று எல்லா வாத்தியத்தையும் நிறுத்திவிடுவார். ஒரு மூச்சு நேரம் எதுவும் இருக்காது. பிறகு அவர் குரல் மட்டும் தனியாக ஒரு வார்த்தை சொல்லும். அதற்குப் பின்னால் மற்ற எல்லாமும் திமுதிமுவென்று வந்து சேரும். அவருக்கு 'நின்னு வர்றவர்' என்று பெயர்.

எங்கள் விளையாட்டு என்னவென்றால், எது எதிலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது. பெட்டியில் ஒரே பாட்டை இரண்டு பேர் பாடிய இரண்டு தகடுகள் இருந்தன. ஒன்று தொண்டை கட்டினவர் பாடியது. மற்றது, உறையில் தலையைப் படிய வாரிக்கொண்டு சிரிக்கிற இளைஞன் ஒருவன் பாடியது. யார் முதலில் பாடியது என்று அத்தை கேட்டாள். படிய வாரினவன்தான், தகடு புதுசாக இருக்கிறது, கீறலே இல்லை என்றேன்.

"தகட்டப் பாக்காத பாப்பா. மூச்சக் கேளு" என்றாள். "அவரு மூணாவது வரி முடியறப்ப மூச்சு வாங்கறாரு. அதுக்கு மேல அவரால முடியல, அதனால வாங்கறாரு. இவனும் அதே எடத்துல வாங்கறான். ஆனா இவன்கிட்ட இன்னும் மூச்சு கீது. அப்போ எதுக்கு வாங்கறான்? அவரக் கேட்டுக் கேட்டு, மூச்சு வாங்கறதும் பாட்டுல ஒண்ணுன்னு நெனச்சிக்கினான்."

"அப்போ இவன் திருடனா அத்தை?"

"திருடன் எதுக்கு? நல்லாத்தான பாடறான். புடிச்சிப் போயிருக்கும்."

இதை நான் சரியாக நினைவில் வைத்திருக்கிறேன் என்றுதான் நம்புகிறேன். அவள் சொன்னதில் கடைசி வரியை மட்டும் தேவைப்பட்ட நாளில் மறந்துவிட்டேன்.

என்னிடமும் ஒரு சாமர்த்தியம் இருந்தது. தகட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், சத்தம் கூடுகிற இடத்தில் வரிகள் சொரசொரப்பாகத் தெரியும். சத்தம் அடங்குகிற இடம் வழவழவென்று மினுங்கும். நின்னு வர்றவர் நிற்கிற இடத்தைக் கண்ணால் பார்த்தே முள்ளை அங்கே இறக்கிவிடுவேன். பத்துத் தடவையில் ஒன்பது தடவை தப்பாது. அத்தை கைதட்டுவாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் கைதட்டியதில்லை. கணக்கில் பெயிலாகிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை அவள் வரவில்லை, என்னை வரச்சொன்னாள். ஒலக்கூர்ப் பக்கம் எங்கள் ஊரில் நடவு. அத்தைக்குச் சின்னம்மா முறையுள்ள ஒருவர் மற்ற பெண்களோடு நாற்று நட்டுக்கொண்டிருந்தார். தூறிக்கொண்டிருந்தது. ஒருத்தி ஒரு வரி போட, மற்றவர்கள் குனிந்தபடியே பதில் சொன்னார்கள். கை நாற்று முடியும்போது எல்லோரும் சட்டென்று நின்றார்கள். அடுத்த நாற்றுக்கட்டின் முடிச்சை அவிழ்க்கும் நேரம் பாட்டு இல்லை. பிறகு முதலாமவள் தனியாக ஒரு சொல் இழுக்க, எல்லோரும் சேர்ந்து குனிந்தார்கள்.

அத்தை என் தோளைக் கிள்ளினாள். "கேட்டியா? நின்னு வர்றாங்க."

"அவங்க எங்க ரெக்கார்டு கேட்டாங்க?" என்றேன்.

அத்தைக்கு அடக்க முடியாத சிரிப்பு. வரப்பில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். புடவையெல்லாம் சேறு.

அந்த வாரமே அவள் சொந்தமாக ஒரு பாட்டுப் போட்டாள். சபையில் அறுப்பின் பண்டிகை வரப்போகிறது. எல்லோரும் நெல், கேப்பை, பூசணி, வாழைத்தார் என்று விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்பார்கள். அப்போது பாடுவதற்கான பாட்டு. வார்த்தை அவளுடையது, மெட்டும் அவளுடையது. நடுவில் ஒரு இடத்தில் ஆர்மோனியமும் குரலும் கைதட்டலும் நின்றுவிடும். பிறகு ஒரு பெண் தனியாக 'ஆண்டவரே' என்பாள். அதற்குப் பின் மொத்த சபையும் எழும்பி வரும். அவள் போட்ட முதல் பாட்டு அது. எங்கள் வீட்டில் எனக்குப் பாடிக்காட்டியபோது அவள் கழுத்து நரம்பு துடித்ததைப் பார்த்தேன்.

ஒத்திகைக்கு என்னையும் கூட்டிப்போனாள். தாத்தாவின் தெருவிலிருந்து வந்த பெண்கள் பன்னிரண்டு பேர் நின்று பாடினார்கள். ஞாயிறு பாட்டுகளை அவர்கள் எப்போதும் தரையைப் பார்த்தபடி முணுமுணுப்பார்கள். அன்று அப்படியில்லை. நிற்கிற இடம் வந்ததும் ஒருத்திக்குச் சிரிப்பு வந்தது, இன்னொருத்தி உடம்பை ஆட்டினாள். வாசலில் சபை மூப்பர் வந்து நின்றார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.

"இது நாத்து நடுற எடம் இல்லம்மா" என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் புகார் வேறு மாதிரி வந்தது. அத்தை பாடுவது கிளப்பில் ஆடுகிற பாட்டு, விழுப்புரத்தில் அண்ணன் வீட்டில் இங்கிலீஷ் தகடு வைத்துக்கொண்டு அதிலிருந்து எடுக்கிறாள் என்று. போதகர் சண்டை பிடிக்காத மனிதர். எல்லோருக்கும் நல்லவராக இருக்கப் பார்ப்பவர். தகடுகளைக் கொண்டுவாருங்கள், கேட்டுப் பார்த்து முடிவு செய்யலாம் என்று அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார்.

அப்பா லீவு போட்டார். பிளேயரைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பாசஞ்சரில் வந்தார். பெட்டி என் காலடியில். மயிலம் தாண்டும்வரை கம்பளியின் நுனியை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு, "அங்க கேட்டா உள்ளத சொல்லு. எடக்கு பண்ணாத" என்றார்.

ஆராதனை முடிந்ததும் போதகர் அறையில் கூடினோம். போதகர், மூப்பர், அப்பா, அத்தை, நான். மைக் செட்டுக்கான பிளக்கில் பிளேயரைச் செருகினார்கள். முதல் தகட்டில் தண்டவாளம் இடித்தார். எல்லோரும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கேட்டார்கள். இரண்டாவது, மூன்றாவது. போதகர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்குது" என்றார். அதோடு முடிந்திருக்கும்.

"ஐயா, நானே சொல்லிடறேன்" என்று அத்தை எழுந்தாள்.

"நீ இரும்மா" என்றார் மூப்பர். "புள்ள சொல்லட்டும். புள்ள பொய் சொல்லாது." என் பக்கம் திரும்பினார். "பாப்பா, உனக்குக் காது கூர்மையாமே. அத்தை பாட்டுல நிக்கிற எடம் ஒண்ணு வருதே, அது இதுல எதுலயாவது இருக்குதா?"

அது விளையாட்டில் வருகிற கேள்விதான். சனிக்கிழமைதோறும் எனக்குக் கைதட்டல் வாங்கித் தந்த கேள்வி. நான் பெட்டியைத் துழாவவே இல்லை. கையை விட்டதும் அந்தத் தகடு வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பிளேயரில் வைத்தேன். முள்ளைத் தூக்கி இறக்கினேன்.

வாத்தியங்கள் நின்றன. அறையில் ஃபேன் சத்தம் மட்டும். நின்னு வர்றவர் தனியாக ஒரு வார்த்தை சொன்னார். பிறகு எல்லாமும் வந்து சேர்ந்தன.

"போதும்" என்றார் மூப்பர்.

நான் முள்ளைத் தூக்கிவிட்டு, ஜெயித்த முகத்தோடு அத்தையைப் பார்த்தேன். அத்தை கைதட்டவில்லை. அவள் பிளேயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடவில் கேட்டதும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லியிருக்கலாம். தகட்டில் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள், நான் கேட்டதற்குப் பதில் சொன்னேன். ஐம்பது வருடத்துக்கு மேல் இந்தச் சமாதானத்தை எனக்கே சொல்லி வருகிறேன். அது இன்னும் வேலை செய்யவில்லை.

பாட்டு பண்டிகையில் வேண்டாம் என்று போதகர் சொன்னார். ஆர்மோனியத்தைக் கொஞ்ச நாளைக்கு மூப்பரின் மருமகள் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னார். "கொஞ்ச நாளைக்குத்தாம்மா" என்று இரண்டு தடவை சொன்னார். அத்தை தலையாட்டினாள். அப்பா பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுற்றினார். சுற்றிச் சுற்றி மறுபடியும் அவிழ்த்துச் சுற்றினார்.

ஸ்டேஷன்வரை அத்தை எங்களோடு நடந்து வந்தாள். நான் அப்போதுதான் ஏதோ தப்பாகிவிட்டது என்று கண்டுகொண்டேன். அழ வேண்டும் என்று தோன்றியது, அழுகை வரவில்லை. பிளாட்பாரத்தில் அவள் என் தலையில் கைவைத்தாள்.

"கரெக்டாத்தான் வெச்ச" என்றாள். "ஒரு வரிகூட தள்ளிப் போவல."

அதற்குப் பிறகு அவள் சனிக்கிழமைகளில் வரவில்லை. நல்ல நாள் பெரிய நாளுக்கு வந்தாள், ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள், சாப்பிட்டாள், போனாள். பிளேயர் இருந்த பக்கம் திரும்பவில்லை. "இந்தப் பொட்டியாலதான் எல்லா பேஜாரும்" என்று அப்பா அதைப் பரண்மேல் தூக்கி வைத்தார். குற்றத்தை ஒரு பெட்டிமேல் போட்டதும் அவர் முகம் தெளிந்தது. தகடுகளை அம்மா சுடு பாத்திரத்துக்கு அடியில் வைக்க எடுத்துக்கொண்டாள். நின்னு வர்றவர் ஒரு கேப்பைக் களிப் பானைக்கு அடியில் வளைந்துபோனார். வளைந்த தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மினுங்குகிற இடம் அப்படியே இருந்தது.

மூப்பர் இறந்தபோது அப்பா ஒன்று சொன்னார். மூப்பரின் அப்பாவும் எங்கள் தாத்தாவும் ஒரே வரப்பில் நின்று கூலி வாங்கியவர்களாம். அன்று ஒத்திகையில் மூப்பரை நெளியவைத்தது எந்த ஊர் கிளப்பும் இல்லை என்று இப்போது புரிகிறது. நடவு என்று சொன்னால் அவர் வீட்டுக் கதையும் வெளியே வரும். கிளப் என்று சொல்வது சுலபம். அவரைத் திட்டலாம் என்று பார்த்தால் அதற்கும் எனக்குத் தெம்பு இல்லை.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகி, அந்தக் காதை வைத்தே பிழைத்து, ரிட்டையர் ஆனேன். பாட்டுக் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. ரேடியோ போட்டால் எழுந்து போய்விடுவேன். வீட்டில் இதைக் கேலி செய்வார்கள்.

போன மாதம் மகள் காரில் கூட்டிப்போனாள். விழுப்புரத்திலிருந்து சென்னைக்குப் போகும் ரோடு. அவள் போனில் ஓடிய ஒரு நிகழ்ச்சியில் யாரோ ஒருவர் பழைய இங்கிலீஷ் பாட்டுகளைப் பற்றிப் பேசிக்கொண்டே போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். வாத்தியங்கள் நின்றன. என் வலது கைவிரல்கள் தாமாகக் குவிந்தன, முள்ளைப் பிடிக்கிற மாதிரி.

"இவரு இன்னா சொல்றாரு?" என்று மகளைக் கேட்டேன்.

அவள் கேட்டுக் கேட்டுச் சொன்னாள். அந்தப் பாடகர் சின்ன வயதில் சர்ச்சில் பாடியவராம். அந்தப் பாட்டே அவருடையது இல்லையாம். அமெரிக்காவில் அவருடைய கறுப்பின மக்கள் ரொம்ப காலமாகச் சர்ச்சில் பாடி வந்ததாம். ஆண்டவர் என்று இருந்த இடத்தில் காதலியை வைத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டாராம். வெளிநாட்டுச் சபைக்காரர்கள் கோபித்துக்கொண்டார்களாம், சாமி பாட்டைக் கிளப்புக்குக் கொண்டுபோய்விட்டான் என்று.

அங்கேயும் ஒரு மூப்பர் இருந்திருப்பார் போலிருக்கிறது.

எனக்கு என்னவெல்லாமோ ஆகியிருக்க வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. கால் மரத்துப் போனால் தட்டிப் பார்ப்போமே, அப்படித் தட்டிப் பார்த்தேன். "திண்டிவனத்துல நிறுத்து. அத்தையப் பாக்கணும்" என்று மட்டும் சொன்னேன்.

அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிவரை தையல் டீச்சராகவே இருந்து ஓய்வு பெற்றாள். கொஞ்ச நாளைக்கு என்று கொடுத்த ஆர்மோனியம் அவளிடம் திரும்பி வரவே இல்லை. சபைக்குப் போகிறாள், பின் வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். இப்போது கண் பார்வை மங்கிவிட்டது. காது மட்டும் பழுதில்லை. தெருவில் போகிற செருப்புச் சத்தத்தை வைத்து ஆள் யாரென்று சொல்லிவிடுவாள். நான் படியேறும்போதே, "வா பாப்பா, இன்னும் இடது கால இழுத்துக்கினுதான் நடக்கறியா?" என்றாள்.

மகளின் போனை வாங்கி அவள் பக்கத்தில் வைத்துப் பாட்டைப் போட்டேன். இரண்டு வரி ஓடியது.

"நின்னு வர்றவரு" என்றாள்.

"அது சர்ச் பாட்டாம் அத்தை" என்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். "அவரு சர்ச்ல இருந்துதான் எடுத்தாராம். அன்னைக்கி அவங்க சொன்னது எல்லாம் தப்பு அத்தை. நீ கிளப்புல இருந்து எடுக்கல. சர்ச்சுப் பாட்டத் திருப்பி சர்ச்சுக்கே கொண்டாந்த."

அவள் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தேன்.

"தெரியுமே" என்றாள்.

"எப்போ தெரியும்?"

"அப்பவே. பின்னால பதில் சொல்ற பொம்பளைங்கள கேளு. கண்ண மூடிக்கினு பாடறாங்க. கிளப்புல எவ கண்ண மூடிக்கினு பாடுவா? மொத நாளே தெரிஞ்சிது."

"பின்ன ஏன் அத்தை அன்னைக்கி சொல்லல?"

அவள் போன் இருந்த பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. கடையில் என்ன கேட்டார்கள் என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

"என்ன எங்க பாப்பா கேட்டாங்க? உன்னத்தான கேட்டாங்க."

வாசலில் மகள் காரைத் திருப்பும் சத்தம் கேட்டது. நான் போனில் அந்த நிற்கிற இடத்தைத் தேடினேன். திரையில் வரியும் இல்லை, மினுக்கமும் இல்லை. விரல் வைத்த இடமெல்லாம் வழுக்கியது. முன்னே போனது, பின்னே வந்தது.

அத்தை கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"அந்த எடத்த விடு" என்றாள். "மொதல்ல இருந்து போடு."